மூளை அறுவைக்காரர்களின் ஐ.நா. சபை

மருத்துவ மாநாடுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கழுத்தில் தொங்கும் அட்டை, மருந்துக் கம்பெனி கொடுத்த பை, பத்து நிமிடத்தில் அறுபது ஸ்லைடுகளை ஓட்டிவிடும் பேச்சாளர், மதியம் பிரியாணிக்கு வரிசை, மாலையில் பொன்னாடை. பன்னாட்டு மாநாடு என்றால் பொன்னாடை இருக்கும் இடத்தில் பதக்கம் இருக்கும். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

நான் மயக்க மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி மூளை, தண்டுவட அறுவைகளோடு போயிற்று. மற்ற அறுவைகளில் பெரும்பாலும் நோயாளியின் தலைமாடு எங்கள் ராஜ்ஜியம். மூளை அறுவையில் அதை சர்ஜனிடம் ஒப்படைத்துவிட்டு, டியூபையும் ஒயர்களையும் நீளமாக இழுத்துக்கொண்டு கால்பக்கம் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய சாகசம் பாதிதான் தெரியும். ஆனால் வேறு சில சங்கதிகள் நன்றாகவே தெரியும். எந்தக் கருவி எங்கிருந்து வருகிறது, பில்லில் அது எவ்வளவு, எந்த மருந்தை எந்த வருடம் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள் என்பதெல்லாம்.

அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. உலகத்து நரம்பு அறுவைச் சங்கங்கள் கூடிக்கூடிப் பேசியதில் உருப்படியாக விளைந்தவை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானவை. ஒரு எண், நிறுத்தப்பட்ட ஒரு ஊசி, ஒரு மலிவான குழாய், கொஞ்சம் மாவு. மாநாட்டில் கைதட்டு வாங்கிய வீடியோக்களில் இவை எதுவும் வராது.

முதலில் அந்த ஐ.நா. சபையைப் பற்றி. உலக நரம்பு அறுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு 1955ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் மான்செஸ்டரின் சர் ஜெஃப்ரி ஜெஃபர்சன். 1957ல் பிரஸ்ஸல்ஸில் முதல் மாநாடு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அதில் உறுப்பினர்கள். அவற்றுக்கு மேலே கண்டவாரியாக ஐந்து பெரிய அமைப்புகள். உலக சுகாதார நிறுவனத்தோடு அதிகாரபூர்வ உறவும் உண்டு. நிஜ ஐ.நா.வில் இருப்பதுபோல இங்கும் தேர்தல் உண்டு, அடுத்த மாநாடு எந்த ஊரில் என்ற இழுபறி உண்டு. மாநாடு 1989ல் டெல்லிக்கு வந்தது. ஆப்பிரிக்க மண்ணை மிதிக்க 2005 ஆயிற்று, அதுவும் வடக்கோரத்து மொராக்கோவின் மராகெஷில். சஹாராவுக்குத் தெற்கே கேப் டவுனுக்குப் போனது 2023ல்தான். இந்த வரிசையைப் பார்த்தாலே யார் வீட்டுக் கல்யாணம் இது என்று புரிந்துவிடும்.

நம் ஊர்க் கதை அந்தக் கூட்டமைப்புக்கும் முந்தியது. ஜேக்கப் சாண்டி கனடாவின் மான்ட்ரியலில் நரம்பு அறுவை மேதை பென்ஃபீல்டிடம் பயின்றுவிட்டு வந்து 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் துறை அது. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாஸிலில் ரௌபாதமிடம் வேலை கற்றுக்கொண்டு 1950ல் சென்னை ஜி.எச்.சில் ஆரம்பித்தார். அடுத்த வருடமே இந்திய நரம்பியல் கழகம் சென்னையில் பிறந்துவிட்டது. தொடங்கியவர்கள் நான்கு பேர்: இந்த இருவர், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வதில் தேர்ந்த எஸ்.டி. நரசிம்மன். கத்தி பிடித்தவர்கள் நால்வரில் இருவர்தான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விவரம். நாட்டில் நரம்பு அறுவை நிபுணர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில், அவர்களுக்கு மட்டும் என்று தனிச் சங்கம் வைக்காமல், மருந்து கொடுப்பவரையும் அலை படிப்பவரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கியிருக்கிறார்கள். பின்னாளில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு சங்கம், அதற்கொரு தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆனது வேறு கதை.

சாண்டியும் ராமமூர்த்தியும் போனார்கள், கற்றார்கள், திரும்பினார்கள். திரும்பினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். அவர்களுக்குப் பின்னால் போனவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார். என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேருக்கு இன்று நான் போன் செய்தால் அங்கே நடுராத்திரி.

சரி, அந்த எண்ணுக்கு வருகிறேன்.

ராத்திரி ஐ.சி.யு.விலிருந்து போன் வரும். "சார், ஆக்ஸிடென்ட் கேஸ், ஜி.சி.எஸ். எட்டு" என்பார் சிஸ்டர். அவ்வளவுதான் பேச்சு. ஜி.சி.எஸ். என்பது நோயாளி எவ்வளவு நினைவோடு இருக்கிறார் என்று சொல்லும் கிளாஸ்கோ எண். எட்டு என்றால் மூச்சுக்குழாய் போட நான் எழுந்து ஓட வேண்டும். கண் திறப்பதற்கு நான்கு, பேச்சுக்கு ஐந்து, கை கால் அசைவுக்கு ஆறு, மொத்தம் பதினைந்து. கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் இதன் முதல் வடிவத்தை 1974ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் மயங்கிக் கிடப்பவரைப் பற்றி ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாட்டுக்கு ஒன்று எழுதும். அரைமயக்கம், ஆழ்மயக்கம், கூப்பிட்டால் முனகுகிறார், கிள்ளினால் நெளிகிறார். ஒருவருடைய அரைமயக்கம் இன்னொருவருக்கு முக்கால் மயக்கம்.

அந்த அளவுகோல் பிறந்த காரியம் பலருக்குத் தெரியாது. ஜென்னெட் அப்போது நாடுகளுக்கிடையே ஒரு ஒப்பீடு செய்துகொண்டிருந்தார். கிளாஸ்கோ, நெதர்லாந்தில் இரண்டு மையங்கள், லாஸ் ஏஞ்சல்ஸ். மூன்று நாடுகளிலும் பலமான தலைக்காயத்துக்கு வைத்தியம் வேறு வேறு. ஓரிடத்தில் ஸ்டீராய்டு அதிகம், ஓரிடத்தில் வென்டிலேட்டர் அதிகம், ஓரிடத்தில் அறுவை அதிகம். யார் செய்வது சரி என்று பார்க்க வேண்டுமானால் ஒரே மாதிரி நோயாளிகளைத்தான் ஒப்பிட வேண்டும், அதற்கு ஒரே மாதிரி எண்ணவேண்டும். 700 நோயாளிகளின் முடிவுகள் 1977ல் வந்தன. மூன்று நாட்டிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். வைத்தியம் அவ்வளவு வேறுபட்டும் முடிவு வேறுபடவில்லை! தன் முறைதான் உயர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்த மூன்று நாட்டு சர்ஜன்களின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அதே பாணியில் உலகக் கூட்டமைப்பு நேரடியாகச் செய்த வேலை ஒன்று உண்டு. மூளை ரத்தக்குழாயில் புடைப்பு வெடித்து ரத்தம் கசியும் நோய்க்கு ஆளாளுக்கு ஒரு தரவரிசை வைத்திருந்தார்கள். அதிகம் புழங்கியது 1968ல் அமெரிக்காவில் ஹன்ட், ஹெஸ் இருவரும் வகுத்தது. அதில் தலைவலி எவ்வளவு, தூக்கக்கலக்கம் எவ்வளவு என்பது பார்ப்பவரின் மனப்போக்கைப் பொறுத்தது. கூட்டமைப்பு ஒரு குழு போட்டது. கனடாவின் சார்லஸ் டிரேக் பெயரில் 1988ல் வந்த அறிக்கை இரண்டு பக்கம்கூடத் தாண்டாத சமாச்சாரம்: கிளாஸ்கோ எண்ணை எடுத்துக்கொள், கை கால் விளங்குகிறதா என்று பார், ஐந்தில் ஒரு தரம் போடு. 15 இருந்தால் முதல் தரம். 13, 14 இருந்து கை கால் நன்றாக இருந்தால் இரண்டாம் தரம், இல்லையென்றால் மூன்றாம் தரம். 7லிருந்து 12 வரை நான்கு. அதற்குக் கீழே ஐந்து. இன்றைக்கும் மதுரையில் ஒருவர் போனில் "கிரேடு ஃபோர்" என்று சொன்னால் சென்னையில் இருப்பவருக்கும் சாவ் பாவ்லோவில் இருப்பவருக்கும் ஒரே நோயாளிதான் கண்முன் வருவார். அத்தனை விருந்துகளுக்கும் செலவான காசை இதற்காகவே மன்னிக்கலாம்.

இனி நிறுத்தப்பட்ட ஊசி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தலைக்காயம் என்று வந்தாலே "டெக்ஸா போடு" என்பார்கள். டெக்ஸா என்பது ஒரு ஸ்டீராய்டு ஊசி. மூளைக் கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை ஸ்டீராய்டு நன்றாக வடியவைக்கும். இது உண்மை, இன்றும் கொடுக்கிறோம். கட்டி வீக்கத்துக்குக் கேட்கும் மருந்து அடிபட்ட வீக்கத்துக்குக் கேட்காதா என்பது நியாயமாகத் தோன்றும் யோசனை. அப்படியே முப்பது வருடம் ஓடிற்று. சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்தன. ஒன்று நல்லது என்றது, ஒன்று வீண் என்றது. சந்தேகத்தைத் தீர்க்கும் அளவுக்கு நோயாளிகள் எந்த ஒரு ஆஸ்பத்திரியிலும், எந்த ஒரு நாட்டிலும் இல்லை.

பிரிட்டனிலிருந்து நடத்தப்பட்ட கிராஷ் என்ற ஆய்வு அதைச் செய்தது. 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள், 10,008 நோயாளிகள். பாதிப் பேருக்கு 48 மணி நேரம் ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் திரவம். 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 2004ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், மறுபக்கம் 17.9 சதவீதம். நல்லது செய்யும் என்று நம்பிய ஊசி, நூற்றுக்கு மூன்று பேரைக் கூடுதலாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. உலகம் முழுக்க எத்தனை வருடம், எத்தனை பேர் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் தூக்கம் வராது.

இந்த ஆய்வை எந்த அறுவைச் சங்கமும் நடத்தவில்லை. தொற்றுநோயியல்காரர்கள் நடத்தினார்கள். சங்கங்களின் பங்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. அமெரிக்க அறுவைச் சங்கங்கள் சேர்ந்து ஆதரிக்கும் தலைக்காய வழிகாட்டியில் 2007ல் இது முதல்தரச் சான்றாக ஏறியது: பலத்த தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கூடாது. பத்திரிகையில் வந்ததை "வெள்ளைக்காரன் ஏதோ எழுதியிருக்கான்" என்று ஒதுக்கியவர்கள், தங்கள் சங்கத்துப் பெரியவர்களே மேடையில் சொன்னபிறகு கையை எடுத்தார்கள். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் அது கேஸ் ஷீட்டை விட்டு முழுவதும் மறையப் பல வருடம் பிடித்தது. மூத்தவர் ஒருவர் கடைசிவரை விடவில்லை. "நீங்க புள்ளிவிவரம் பாருங்கப்பா, நான் பேஷன்ட்டைப் பாக்கிறேன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தால் மருத்துவத்தில் செத்தவர்கள் அதிகம்.

கிராஷ் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இன்னொரு காரணம், அதில் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளும் சரிசமமாகச் சேர்ந்தன. அதற்கடுத்து அந்தப் போக்கு இன்னும் ஒரு படி போனது. மண்டைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க, ஓட்டில் சிறு துளையிட்டு ஒரு கம்பியைச் செருகிவைப்பார்கள். பணக்கார நாடுகளில் பலமான தலைக்காயத்துக்கு அது கட்டாயம்போல ஆகிவிட்டது. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அந்தக் கம்பியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அது உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்று அமெரிக்காவில் சோதிக்க முடியாது. கம்பி வேண்டாம் என்று யாரும் ஒரு பாதி நோயாளிகளை விட்டுவைக்க மாட்டார்கள். சியாட்டிலின் ராண்டல் செஸ்நட்டும் பொலிவியா, ஈக்வடார் மருத்துவர்களும் சேர்ந்து அங்கே சோதித்தார்கள். அங்கே கம்பி இல்லாமல் வைத்தியம் செய்வதுதான் அன்றாட வழக்கம். 324 நோயாளிகள். ஒரு பாதிக்குக் கம்பி, மறுபாதிக்கு ஸ்கேனும், கண்ணால் கவனிப்பதும், கைப்பரிசோதனையும். 2012ல் முடிவு வந்தது: இரு பக்கமும் வித்தியாசம் இல்லை.

பெரிய சண்டை நடந்தது. ஏழை நாட்டு முடிவு எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். ஏழைகளை வைத்துச் சோதனையா என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வால் அங்கிருந்தவர்களுக்கு ஒரு நன்மை கிடைத்தது. கம்பி இல்லாத இடத்தில் எந்த அறிகுறிக்கு எந்த மருந்து, எப்போது நிறுத்துவது என்று முறையாக எழுதிய நெறிமுறை ஒன்று அதன் தொடர்ச்சியாக வந்தது. எங்களைப் போன்றவர்கள் இத்தனை காலம் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்ததற்கு முதல் தடவையாக ஒரு தாள் கிடைத்தது. எனக்கு அந்தத் தாள் மேல் தனிப் பிரியம்.

மலிவான குழாயைப் பற்றித்தான் நான் நிறையப் பேச விரும்புகிறேன்.

குழந்தையின் தலையில் நீர் கோர்த்துக்கொள்ளும் நோயை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். மூளைக்குள் சுரக்கும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கித் தலை பெருத்துக்கொண்டே போகும், கண் கீழே செருகும். தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாயை மூளையிலிருந்து வயிற்றுக்குள் இறக்கி அந்த நீரை வடியவிடுவார்கள். ஷன்ட் என்று டாக்டர்களும் கொழாய் என்று ஜனங்களும் சொல்வது அதைத்தான். வைத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும். ஆனால் அந்தக் குழாய் எந்த நாளும் அடைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வைத்ததில் இரண்டு வருடத்துக்குள் கிட்டத்தட்டப் பாதி மக்கர் செய்யும்.

அறுவைக்கு முன்னால் மயக்கத் தகுதி பார்க்க ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சர்ஜனும் கூட இருந்தார்.

"கொழாய் எத்தன வருசத்துக்குத் தாங்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. பிள்ள வாந்தி எடுத்தா, எந்நேரமும் தூங்கிக்கிட்டே கெடந்தா, ஒடனே தூக்கிட்டு வந்துரணும்."

"ஒடனேன்னா எப்டி டாக்டர்? எங்க ஊருக்குக் காலைல ஒரு பஸ்சு, சாயங்காலம் ஒரு பஸ்சு."

அந்தத் தாய் கேட்டதைத்தான் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்கக் குழந்தை நரம்பு அறுவை நிபுணர் உகாண்டாவில் தினமும் எதிர்கொண்டிருக்கிறார். 2000ல் குடும்பத்தோடு அங்கே போனவர். கிழக்கே ம்பாலே என்ற ஊரில் கியூர் என்ற தொண்டு நிறுவனத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரியை உருவாக்கியவர்களில் ஒருவர். வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பிறந்த சில வாரங்களில் மூளைத் தொற்று வந்து அதனால் நீர் கோர்த்தவர்கள்.

அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். முதல் கேள்வி, விலை. அமெரிக்காவில் புழங்கிய குழாய் ஒன்று அப்போது 650 டாலர். நம் உத்தரப்பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா குழாய் 35 டாலர். 195 பிள்ளைகளுக்கு இரண்டில் ஒன்றை வைத்து ஒரு வருடம் பின்தொடர்ந்தார். அடைப்பு, தொற்று, சாவு எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2005ல் இது அமெரிக்க நரம்பு அறுவைச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சானது. இந்தியாவில் சாப்ரா குழாயைப் பல வருடமாகப் பல ஆயிரம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தோம். "நம்ம ஊர் சரக்கு, காசில்லாதவங்களுக்கு" என்ற ஒரு ஏளனம் எப்போதும் கூடவே இருக்கும். கொஞ்சம் வசதியானவர்கள் வந்தால் "இம்போர்ட்டட் வேணுமா?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை ம்பாலேயில் கிடைத்தது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்தியக் குழாய், உகாண்டா பிள்ளைகள், அமெரிக்க சர்ஜன். மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி அதைவிடப் பெரியது: குழாயே இல்லாமல் முடியுமா? எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு மூளையின் நீரறையின் அடித்தளத்தில் ஒரு சின்னத் துளை போட்டு நீருக்கு வேறு வழி திறந்துவிடும் முறை ஏற்கெனவே இருந்தது. கைக்குழந்தைகளுக்கு அது சரியாக வேலை செய்யாது என்பது பாடப்புத்தகம். வார்ஃப் அதோடு நீரைச் சுரக்கும் பின்னலையும் சுட்டுக் குறைத்தார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் துளை மட்டும் போட்டால் 47 சதவீதம் வெற்றி, இரண்டும் சேர்த்துச் செய்தால் 66 சதவீதம். அத்தனை பேர் குழாய் இல்லாமல் வீடு போனார்கள். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் உள்ள ஊர்களுக்கு. பின்னால் 100 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2017ல் வந்தது. ஒரு வருடத்தில் அறிவு வளர்ச்சியில் குழாய்க்கும் இந்த முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வார்ஃப் பிறகு பாஸ்டனுக்குத் திரும்பினார். வட அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ம்பாலேயில் பிறந்த முறையைக் கற்கத் தொடங்கின. அந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று எதனால் வந்தது என்று தேடிய இன்னொரு கூட்டு முயற்சியில், பெனிபாசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்று பல குழந்தைகளின் மூளை நீரில் இருந்ததை 2020ல் வெளியிட்டார்கள். கிருமி பிடிபட்டால் நாளைக்குக் குழாயும் வேண்டாம், துளையும் வேண்டாம்.

வெளிநாட்டு சர்ஜன் ஏழை நாட்டுக்குப் போகும் எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. பெரும்பாலும் இரண்டு வாரம் வருவார்கள், காலையிலிருந்து ராத்திரி வரை அறுவை செய்வார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். தையல் பிரிப்பதும் சீழ் பிடித்தால் பார்ப்பதும் உள்ளூர்க்காரன் வேலை. கருவி தானமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நன்கொடையாக வந்த அறுவை மைக்ரோஸ்கோப் பல்பு போனதிலிருந்து துணி போர்த்தி நிற்கிறது. அந்த மாடலுக்குப் பல்பு தயாரிப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

இதற்கு மாற்றாக எனக்குப் பிடித்தது மொராக்கோவின் தலைநகர் ரபாத். ஆப்பிரிக்க இளம் மருத்துவரை பாரிஸுக்கோ லண்டனுக்கோ அனுப்பினால் இரண்டு ஆபத்து. அவர் திரும்பாமல் போகலாம். திரும்பினால், தான் கற்ற இயந்திரம் எதுவும் ஊரில் இல்லாமல் கைகட்டி உட்காரலாம். உலகக் கூட்டமைப்பும் ரபாத்தின் ஐந்தாம் முகமது பல்கலைக்கழகமும் சேர்ந்து 2002ல் மொராக்கோவிலேயே ஒரு பயிற்சி மையம் தொடங்கின. அப்தெஸ்ஸலாம் எல் கம்லிச்சி என்ற மொராக்கோ நிபுணர் அதன் உயிர்நாடி. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்து, பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்து, பிள்ளைகள் அங்கே வந்து முழுப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு சொந்த நாட்டுக்குப் போகிறார்கள். ஹனோவரின் மஜீத் சமீ கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். ஆப்பிரிக்காவுக்கு 100 நரம்பு அறுவை நிபுணர்கள் என்ற திட்டத்தை முன்னெடுத்தார்.

100 என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். 2018ல் வந்த ஒரு கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். உலகில் ஆண்டுதோறும் 1.38 கோடிப் பேருக்கு மூளை அல்லது தண்டுவட அறுவை தேவைப்படுகிறது. ஏழை, நடுத்தர நாடுகளில் 50 லட்சம் பேருக்கு அது கிடைப்பதே இல்லை. இந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னும் 23,300 நிபுணர்கள் வேண்டும். ரபாத் மாதிரி எத்தனை ரபாத் வேண்டும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம். அதனால்தான் கடைசியாகச் சொல்லப்போகும் விஷயத்தை, சங்கங்கள் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமானது என்று நினைக்கிறேன். நோயாளியே வராமல் செய்வது.

முதுகில் தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குழந்தைகளை எங்கள் ஊர்ப்பக்கம் "முதுகுல கட்டியோட பொறந்த புள்ள" என்பார்கள். பலருக்குத் தலையில் நீரும் கோர்க்கும், குழாயும் வைக்க வேண்டிவரும். இந்த அறுவையில் தலைமாடு எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில்தானே வேலை. எவ்வளவு அழகாக மூடினாலும் செத்த நரம்பு பிழைக்காது. கால் அசையாத பிள்ளை கால் அசையாமலேதான் வீடு போகும்.

இதில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 1991லேயே தெரிந்துவிட்டது. 7 நாடுகளில் 33 மையங்களில், முன்பு இப்படி ஒரு குழந்தை பெற்ற 1,817 பெண்களிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வில், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு 72 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் தண்டுவடம் மூடியாக வேண்டும். கர்ப்பம் என்று பெண்ணுக்கு உறுதியாகத் தெரிவதற்குள் பெரும்பாலும் அந்தக் காரியம் முடிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து மாத்திரை வாங்கும்போது ரொம்பத் தாமதம். ஆகவே தினம் சாப்பிடும் மாவிலேயே கலந்துவிடுவது என்று சில நாடுகள் இறங்கின. அமெரிக்கா 1998ல் கட்டாயமாக்கியது.

ஆனால் பல நாடுகள் அசையவில்லை. உணவுத் துறை, சுகாதாரத் துறை, ஆலை முதலாளிகள் என்று பந்து உருண்டுகொண்டே இருந்தது. நரம்பு அறுவை நிபுணர்கள் அப்போது உள்ளே வந்தார்கள். பல நாட்டுக் குழந்தை நரம்பு அறுவைக்காரர்கள் பொதுச் சுகாதாரக்காரர்களோடு சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். பன்னாட்டுக் குழந்தை நரம்பு அறுவைச் சங்கம், கட்டாயமாகக் கலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொலம்பியா அரசு முன்மொழிய, 2023 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, நுண்ணூட்டக் குறைபாட்டையும் தண்டுவடக் குறைபாட்டையும் தடுக்க உணவில் சத்துச் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. தன் வருமானத்துக்கு வழியான நோயைத் தானே ஒழிக்கச் சொல்லி ஒரு தொழில்காரக் கூட்டம் மனுப் போடுவதை அடிக்கடி பார்க்க முடியாது.

நம் பக்கம் என்ன நிலை? செறிவூட்டிய அரிசியை ரேஷன் கடைகளுக்குக் கொண்டுவருவதாக 2021ல் ஒன்றிய அரசு அறிவித்தது. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலந்த அந்தச் சத்து அரிசியைப் பல வீடுகளில் "பிளாஸ்டிக் அரிசி" என்று முறத்தில் பொறுக்கி வீசினார்கள். அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் பொறுக்காமல் சாப்பிட்டிருந்தாலும் இந்த நோய்க்குப் போதாது. நம் தரக்கட்டுப்பாட்டு அளவுப்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75லிருந்து 125 மைக்ரோகிராம். 200 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்குக் கிடைப்பது 15லிருந்து 25. தண்டுவடக் குறையைத் தடுக்கப் பரிந்துரைக்கப்படுவது தினம் 400. அமெரிக்க மாவில் கிலோவுக்கு 1,400 கலக்கிறார்கள். நம்முடையது ரத்தசோகையை மனதில் வைத்துப் போட்ட திட்டம் என்பது தெரிகிறது. அளவைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் தகுதி நம் நரம்பு அறுவைச் சங்கங்களுக்கு இருக்கிறது. ஜெனீவாவில் கேட்டதைவிட டெல்லியில் கேட்பது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

அதுவரை, கல்யாணம் ஆகிக் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். கரு உண்டாகும் முன்பிருந்தே ஆரம்பித்து முதல் மூன்று மாதம் முடிய தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மருந்துக் கடையில் பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்து நீட்டுவார்கள், அளவையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். முந்தைய பிள்ளைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் பத்து மடங்கு அளவு வேண்டியிருக்கும், அதை மட்டும் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும்.